விளம்பரம்: பார்ப்பதா, பணம் கட்டுவதா, தடுப்பதா?

ஒரு காணொளியைத் திறக்கிறீர்கள். முதலில் விளம்பரம் ஓடுகிறது. மூலையில் 5, 4, 3 என்று எண் இறங்க, ‘ஸ்கிப்’ எப்போது வரும் என்று காத்திருக்கிறீர்கள். கீழே, மாதச் சந்தா கட்டினால் விளம்பரமே வராது என்று ஓர் அழைப்பு. பிரவுசரில் ஆட் பிளாக்கர் போட்டு வைத்திருப்பவருக்கு இது எதுவுமே தெரிவதில்லை. காணொளி ஒன்றுதான், போகும் வழி மூன்று. நம்மில் பலர் இதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை. எரிச்சல் தலைக்கேறிய ஒரு நாளில் எதையாவது செய்கிறோம், அதுவே நிலைத்துவிடுகிறது.

நாள் முழுக்கக் கண்ணும் காதும் போகிற இடங்களில் பல விளம்பரக் காசில்தான் ஓடுகின்றன. அதனால் இதை நிதானமாக முடிவு செய்வது நல்லது. எந்த வழியில் போனாலும் நாம் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். நேரம், பணம், நம்மைப் பற்றிய தகவல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகும். எது போனால் பரவாயில்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் செயலிக்குச் செயலி மாறும்.

இந்தப் பேரம் நம் காலத்தில் வந்ததில்லை. 1833-ல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே ‘சன்’ நாளிதழைத் தொடங்கியபோது மற்ற நாளிதழ்கள் 6 சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தன. அவர் 1 சென்ட்டுக்குக் கொடுத்தார். அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது விளம்பர வருமானத்தால். அதுவரை செய்தித்தாள் வாங்காதவர்கள் எல்லாம் வாங்கத் தொடங்கினார்கள். வாசகரின் கவனம்தான் சரக்கு, அதை விலைக்கு வாங்குபவர் விளம்பரதாரர் என்ற கணக்கு அங்கே வேர்பிடித்தது.

வானொலி வந்தபோது இரண்டு வழிகளும் ஒரே ஆண்டில் புறப்பட்டன. 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையம், அடுக்குமாடி வீடுகளை விற்ற ஒரு நிறுவனத்திடம் காசு வாங்கிக்கொண்டு ஒலிபரப்பு நேரத்தைக் கொடுத்தது. அதே ஆண்டு பிரிட்டனில் தொடங்கிய பி.பி.சி., கேட்பவர்களிடம் உரிமக் கட்டணம் வாங்கும் வழியில் போனது. பிரிட்டனுக்குள் அதன் ஒலிபரப்பில் இன்றுவரை வணிக விளம்பரம் கிடையாது. ஒரு நூற்றாண்டு தாண்டியும் இரண்டு வழிகளும் நடப்பில் இருக்கின்றன. ஆகவே, விளம்பரம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

பார்த்துவிட்டுப் போவது

இதன் பெரிய பலம், கையில் காசில்லாதவருக்கும் கதவு திறந்திருப்பது. தேடுபொறி, வரைபடம், மின்னஞ்சல், கணிதமோ தையலோ சொல்லித்தரும் காணொளிகள் எல்லாம் வசதியானவருக்கும் மாணவருக்கும் ஒரே தரத்தில் கிடைக்கின்றன. இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

விளம்பரத்தால் வாங்குபவருக்கு நேரடியான லாபமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சில மாநிலங்கள் மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குத் தடை போட்டிருந்தன, சில போடவில்லை. பொருளாதார அறிஞர் லீ பென்ஹாம் இரண்டையும் ஒப்பிட்டு 1972-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தடை இருந்த மாநிலங்களில்தான் கண்ணாடியின் விலை கணிசமாக அதிகம் இருந்தது. எங்கே என்ன விலை என்று தெரியாதபோது விற்பவர் சொன்னதே விலையாகிவிடுகிறது. வேலை தேடுபவருக்கும் வாடகைக்கு வீடு தேடுபவருக்கும் விளம்பரம் ஒரு தொந்தரவே இல்லை. அவர்கள் வருவதே அதற்காகத்தான்.

முடிவெடுக்கும்போது இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாம் தேடிப் போகும் விளம்பரத்தில் தேவை நம்முடையது, பதில் அவர்களுடையது. நம்மைத் தேடி வரும் விளம்பரத்தில் தேவையையும் அவர்களே உண்டாக்கப் பார்க்கிறார்கள்.

“நான் விளம்பரத்தைக் கவனிப்பதே இல்லை, எனக்கு அது எடுபடாது” என்று பலரும் சொல்வார்கள். உளவியலாளர் ராபர்ட் ஸயன்ட்ஸ் 1968-ல் வெளியிட்ட சோதனைகளை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. பொருள் தெரியாத சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி காட்டியவற்றின்மேல் விருப்பம் கூடியது. வாதமும் தேவைப்படவில்லை, தகவலும் தேவைப்படவில்லை. கவனிக்காமல் கடந்துபோன பெயர்தான் பிற்பாடு, பத்துப் பெயர்களுக்கு நடுவே, ஏற்கெனவே தெரிந்த பெயராக நம்மைக் கூப்பிடுகிறது.

நுழைந்ததை வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு லிஸ்டரின் கதை போதும். அந்த வாய் கொப்பளிக்கும் திரவம் சளியைத் தடுக்கும் என்று பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்யப்பட்டது. அது உண்மையில்லை என்று கண்ட அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1975-ல் ஓர் அபூர்வமான உத்தரவு போட்டது. அடுத்து செலவிடும் சுமார் 1 கோடி டாலர் மதிப்புள்ள விளம்பரங்களில், இது சளியைத் தடுக்க உதவாது என்று நிறுவனமே சொல்ல வேண்டும். 1977-ல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தத் திருத்தம் ஓடி முடிந்த பிறகும் பலர் பழைய நம்பிக்கையிலேயே இருந்தார்கள்.

இதெல்லாம் எல்லாருக்கும் ஒரே விளம்பரம் போன காலத்தின் கதை. இன்றைய விளம்பரத்துக்கு நாம் கொடுப்பது நேரம் மட்டுமில்லை, கூடவே கண்ணில் படாத இன்னொன்றும் போகிறது. அது எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு செய்திப் பக்கத்தின் தலைப்பில் விரல் வைக்கிறீர்கள். பக்கம் முழுதாக வருமுன்பே அதிலுள்ள காலி விளம்பர இடத்துக்கு ஏலம் தொடங்கிவிடுகிறது. எந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறீர்கள், எந்த வகைப் போன், எந்த மொழி, ஏறக்குறைய எந்த ஊர், விளம்பரத்துக்காக உங்கள் பிரவுசருக்கோ போனுக்கோ கொடுத்திருக்கும் அடையாள எண் என்ன ஆகிய விவரங்கள் ஒரே நேரத்தில் பல நிறுவனங்களின் கணினிகளுக்குப் போகின்றன. அவற்றில் சிலவற்றில் அந்த எண்ணுக்கு எதிரே ஏற்கெனவே குறிப்புகள் உண்டு. குழந்தை வண்டிகளைப் பார்த்தவர், கடன் வட்டி பற்றிப் படித்தவர், தூக்கமின்மைக்கு மருந்து தேடியவர். ஒவ்வொரு கணினியும் ஒரு விலை சொல்கிறது. கூடுதல் விலை சொன்னவரின் விளம்பரம் வந்து உட்காருகிறது. இத்தனையும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். ஏலத்தில் தோற்றவர்களின் கைக்கும் உங்களைப் பற்றிய விவரம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. வாங்காத சரக்கை அவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை.

இதற்கு வழிவிட்டது குக்கி, அதாவது ஒரு தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. அதை 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மாண்டூலி உருவாக்கினார். ஒரு தளம் தன்னிடம் திரும்பி வருபவரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். தளம் தளமாக ஒருவரைப் பின்தொடரும் கருவியாக அதை ஆக்கியது விளம்பரத் தொழில்.

இன்னொரு செலவும் உண்டு. காசு கொடுப்பவர் பக்கம் உள்ளடக்கம் சாயும். கூகுளை உருவாக்கிய செர்ஜி பிரினும் லாரி பேஜும் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது, 1998-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாய்ந்து பயனாளரின் தேவையிலிருந்து விலகும் என்று எழுதியிருந்தார்கள். 2000-ல் கூகுளே விளம்பரம் விற்கும் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியது. இன்று அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு ஏறக்குறைய முழு வருமானமும் அதிலிருந்துதான்.

பணம் கட்டுவது

கணக்கு நேராக இருக்கிறது என்பதுதான் இந்த வழியின் அழகு. இன்ன தொகை கொடுத்தேன், இன்னது கிடைத்தது. அதிகம் பார்க்கிற ஒரு சேவைக்கு, முடிகிறவர்கள் பணம் கட்டுவது நல்ல வழி என்றே நினைக்கிறேன். ஆனால் கட்டுமுன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, விளம்பரம் இல்லை என்றால் கண்காணிப்பும் இல்லை என்று அர்த்தமாகாது. சந்தாதாரர் என்ன பார்த்தார், எங்கே நிறுத்தினார், எதைத் தேடினார் என்பது பெரும்பாலும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். தனியுரிமைக்காகப் பணம் கட்டுகிறவர், அந்தச் சேவை அதைத்தான் விற்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பேச்சு நடுவில் மாறும். விளம்பரமே இல்லாத சேவையாக வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு கூடிய மலிவான சந்தாவைக் கொண்டுவந்தது. அமேசான் பிரைம் வீடியோ இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 ஜனவரி இறுதியில் அமெரிக்காவில், ஏற்கெனவே கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தவர்களின் திரையிலேயே விளம்பரத்தைக் கொண்டுவந்து, அது வேண்டாமென்றால் கூடுதலாகக் கட்டுங்கள் என்றது.

மூன்றாவது, சந்தா நீக்குவது நிறுவனம் விற்கும் விளம்பரத்தை மட்டும்தான். காணொளி போடுபவரே நடுவில் நிறுத்தி, “இந்த நிகழ்ச்சியை வழங்குவோர்” என்று ஒரு பொருளைப் புகழ்வது அப்படியே இருக்கும். படத்தில் நாயகன் கையில் இருக்கும் போனின் சின்னம் திரையில் நன்றாகத் தெரிவதும் அப்படியே.

சமூக ஊடகங்களில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுத்தது. 2023 நவம்பரில் மெட்டா ஐரோப்பியப் பயனாளர்களிடம், உங்களைத் தொடர்ந்து வந்து காட்டும் விளம்பரத்துக்குச் சம்மதியுங்கள், இல்லையென்றால் மாதக் கட்டணம் கட்டுங்கள் என்றது. இது உண்மையான தேர்வு ஆகாது என்று சொல்லி, ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. என் நிலைப்பாடும் அந்தப் பக்கம்தான். தன்னைப் பின்தொடராமல் இருப்பதற்கு ஒருவர் காசு கொடுக்க வேண்டும் என்றால், காசில்லாதவர் என்றைக்கும் பின்தொடரப்படுவார்.

தடுப்பது

ஆட் பிளாக்கர் செய்வது எளிய வேலை. விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் எந்த முகவரிகளிலிருந்து வருகின்றன என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, பக்கம் திறக்கும்போது அந்த முகவரிகளுக்குப் போகும் கோரிக்கைகளை நிறுத்திவிடும். விளம்பரம் மறைவதோடு மேலே சொன்ன ஏலங்களில் பெரும்பாலானவையும் நின்றுவிடும், பக்கமும் சீக்கிரம் திறக்கும். கண்காணிப்புக்கும் எரிச்சலுக்கும் சேர்த்து மருந்து என்றால் இதுதான்.

பாதுகாப்பும் இதில் சேர்ந்தே வருகிறது. வங்கியின் பெயரைத் தேடினால், முடிவுகளின் உச்சியில் அதே பெயரில் ஒரு போலி விளம்பரம் நிற்கலாம். அதைத் தொட்டால் அச்சு அசலாக வங்கிப் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். இப்படிப்பட்ட மோசடிகளைக் குறித்து 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. விடுத்த எச்சரிக்கையில், தேடும்போது ஆட் பிளாக்கர் நீட்சியை (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) பயன்படுத்துங்கள் என்றே சொன்னது. வயதானவர்கள் ‘வாடிக்கையாளர் சேவை எண்’ என்று தேடி மேலே வந்த முதல் எண்ணுக்கே அழைத்துவிடுவார்கள். அவர்கள் கையாளும் கணினியில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

குறைகளும் உண்டு. பிரவுசருக்குள்தான் இது நன்றாக வேலை செய்யும். செயலிகளுக்குள்ளும் ஸ்மார்ட் டிவியிலும் பெரும்பாலும் எடுபடாது. கூகுள் குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால், பலர் நம்பியிருந்த யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சி 2024 முதல் அதில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் சுருங்கிய வடிவமான லைட் குரோமில் கிடைக்கிறது. முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் இயங்குகிறது. நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி இந்த நீட்சிகளுக்குத் தேவைப்படுவதால், பேர் தெரியாத ஒன்றை நிறுவினால் விளம்பரக்காரரிடமிருந்து தப்பி இன்னொருவரிடம் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நிரல் திறந்த மூலமாக, அதாவது யாரும் படித்துச் சோதிக்கும்படி வெளியிடப்பட்டதாக இருப்பதையே எடுக்க வேண்டும். ஆட்பிளாக் பிளஸ் 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டுகின்றன. அந்தத் தேர்வை அமைப்பில் போய் நீங்களே நிறுத்தலாம்.

தடுப்பது நியாயமா? சட்டத்தின் கேள்விக்கு ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு பதில் சொன்னது. பதிப்பகம் ஒன்று தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பு நியாயமற்ற போட்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. மனசாட்சியின் கேள்வி அதோடு முடியவில்லை. சிறிய செய்தித் தளத்தை நடத்துபவருக்கும், தனியாளாக உழைத்துப் பாடம் எடுப்பவருக்கும் அந்த விளம்பரக் காசுதான் கூலி. உழைப்பை எடுத்துக்கொண்டு கூலியைத் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் மதிக்கிற தளங்களுக்குத் தடுப்பில் விலக்குக் கொடுக்கலாம், அல்லது நேரடியாக நன்கொடையோ சந்தாவோ கொடுக்கலாம். இந்தக் கடமை தளம் நடத்துபவர்களுக்கும் உண்டு. ஒரு பத்தி படிப்பதற்குள் விளம்பரம் மூன்று முறை திரையை மறைத்தால் வாசகர் தடுப்பைத் தேடத்தான் செய்வார்.

பலர் கவனிக்காத நடுவழி

விளம்பரம் வரட்டும், ஆனால் என்னைப் பின்தொடர வேண்டாம் என்றும் சொல்லலாம். பைசா செலவில்லை, யாருடைய கூலியையும் முற்றாக மறுக்கவும் இல்லை. ஐபோனில் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். 2021 ஏப்ரலில் ஐ.ஓ.எஸ். 14.5 வந்தது முதல், செயலிகள் கேட்காமல் பின்தொடரக் கூடாது என்பது ஆப்பிளின் விதி. ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்கள் அதிகம் தென்படும். அதுவே எனக்கு நல்லதாகப் படுகிறது. நம் பலவீனம் தெரிந்து வருகிற விளம்பரத்தைவிட, படிக்கிற பக்கத்தின் பொருளைப் பார்த்து வருகிற விளம்பரம் மரியாதையானது.

குழந்தைகள் என்று வரும்போது

இங்கே மட்டும் நான் வழிகளை எடை போடுவதில்லை. 8 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளால், இது என்னை வாங்கவைக்கச் சொல்லப்படுகிறது என்று புரிந்துகொண்டு விலகி நிற்க முடிவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004-ல் இதைச் சொல்லி, அந்த வயதினரைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தக் கோரியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980-லேயே தடை செய்தது. ஸ்வீடன் 1991-ல் 12 வயதுக்குட்பட்டோரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்தது.

இலவச விளையாட்டுச் செயலி ஒன்றைக் குழந்தை ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது உயிர் தீர்ந்துவிடும். ‘விளம்பரம் பார்த்தால் இன்னோர் உயிர்’ என்று பொத்தான் மின்னும். பார்த்து முடித்ததும் மூடுகிற குறி மூலையில் கடுகளவு வரும், அதுவும் தாமதமாக. சின்ன விரல் தவறி நடுவில் பட்டால் கடைப் பக்கம் திறந்துவிடும். ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்ற குழந்தையின் துடிப்பையே விலையாக வாங்குகிற ஏற்பாடு இது. குழந்தை கையில் கொடுக்கும் செயலிகளுக்கு ஒன்று பணம் கட்டுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள். இலவசம் என்ற மூன்றாவது வழி அங்கே வேண்டாம்.

தெருவில் நிற்கும் பலகைக்குத் தனியாள் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதை ஊர்தான் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2007-ல் வெளிப்புற விளம்பரங்களைத் தடை செய்து ஆயிரக்கணக்கான பலகைகளை இறக்கியது.

சரி, எங்கே எதை எடுப்பது? எல்லாவற்றுக்கும் ஒரே வழி வேண்டாம். குழந்தையின் திரையிலிருந்து தொடங்குங்கள், அதற்கு விதி மேலே சொன்னதுதான். அடுத்து வயதானவர்களின் கணினி. அதில் தடுப்பு. உங்கள் சொந்தப் போனில் பின்தொடர்தலை நிறுத்திவிட்டு, விளம்பரத்தை விட்டுவிடலாம். வேலையோ வீடோ பொருளோ தேடும் தளங்களில் தடுப்பை எடுத்துவிடுங்கள், அங்கே விளம்பரம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. பணம் கட்ட முடிகிறவர் என்றால், எந்தச் சேவையில் அதிக நேரம் போகிறது என்பதைவிட எதன் சொல்லை நம்பி முடிவெடுக்கிறீர்கள் என்று பார்த்துக் கட்டுங்கள். செய்தி, உடல்நலம், பணம் பற்றிப் படிக்கும் இடங்கள் விளம்பரதாரரின் கையைப் பார்க்காமல் இருப்பது பொழுதுபோக்கில் விளம்பரம் இல்லாமல் இருப்பதைவிடப் பெரிய லாபம்.

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனாலும் முதலில் மாதச் சந்தாவாக எடுத்து, அது தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் கட்டிய அன்றே குறித்து வையுங்கள். நிறுவனம் நிபந்தனையை நடுவில் மாற்றினால், மறுமாதமே வெளியே வரலாம்.